கண்டரமாணிக்கத்து இன்ஜின் நம்பர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். காரைக்குடியில் இருபத்தாறு வருஷமாக மெக்கானிக். இன்ஜினில் குத்தியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் படித்து, பழைய கார் என்ன மாடல், எந்த வருஷத்தது என்று சொல்லிவிடுவேன். கையில் படாத எதையும் நம்பினதில்லை. நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

போன சித்திரையில் கண்டரமாணிக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, ஓட்டிய கார், ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது, இன்ஜின் நம்பரைப் படித்துத் தர வேண்டும் என்றார். நான் போனபோது நல்ல வெயில். கொட்டகைப் பூட்டு துருவேறித் திறக்கவில்லை, அறுத்துத்தான் உள்ளே போனோம். பானெட்டைத் தூக்கி, அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தேன். எண் வெள்ளையாக எழுந்து வந்தது. படித்ததும் மட்கார்டைப் பிடித்துக்கொண்டேன்.

அது என் அண்ணன் செத்த காரின் எண். அவரும் மெக்கானிக்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வேலை முடித்த காரை ஓட்டிப் பார்க்கப் போனவர் காரோடு கண்மாய்க்குள் விழுந்தார். போலீஸுக்கு அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவன் நான், எப்படி மறக்கும்? பிறகு அந்த இன்ஜினை நானே சம்மட்டியால் உடைத்து உருக்கக் கொடுத்தேன்.

"என்னண்ணே, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்றார் அவர்.

"இந்த இன்ஜினை எப்ப மாத்துனீக?"

"மாத்தவே இல்லண்ணே. கொட்டகை முப்பது வருஷத்துக்கு முந்தி அப்பச்சி பூட்டுனது, அப்புறம் திறக்கவே இல்ல. இப்ப நீங்கதான பூட்ட அறுத்தீக."

எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் இன்னொரு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்ப் பார்த்தால், நம்புவீர்களோ மாட்டீர்களோ, அங்கே வேறு எண் இருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டிலும் மறுநாள் பார்த்த அந்த எண்தான். கார்க்காரர் காரியம் முடிந்துவிட்டது.

தாள் என்னிடம் இருக்கிறது. அதில் அண்ணன் காரின் எண்தான். அண்ணியிடம் இன்னும் காட்டவில்லை. அண்ணனுக்கு ஒரு பழக்கம், இன்ஜினைப் பிரித்து வேலை பார்த்து மூடும்போதெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி குத்திவைப்பார். நான் உடைத்த இன்ஜினில் இரண்டு புள்ளி இருந்தது.

தாளில் மூன்று இருக்கிறது.