வெள்ளைச் சட்டை போட்டு எடுத்த படம்

தொண்ணூறு தாண்டினவனிடம் வீட்டார் திடீரென்று அன்பாக நடந்துகொண்டால் அவன் உஷாராக வேண்டும். நான் உஷாரானேன்.

நெய்யாற்றின்கரையில் டாக்டரிடம் என்னையும் என் மனைவியையும் ஒன்றாகத்தான் காட்டினார்கள். அவளுக்கு ஒன்றுமிராது என்று எனக்கு நிச்சயம். இருமல், மூட்டுவலி, மூச்சுவாங்கல் எல்லாம் என் பங்கு. டாக்டர் எங்களை வெளியே இருத்திவிட்டு மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரும்பி வந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்லப்பா, வயசுக்கு உள்ளதாக்கும்" என்றான். அப்போதே எனக்குப் பொறி தட்டியது.

அடுத்த வாரம் முற்றத்துப் பிலாமரத்தின் தாழ்ந்த கிளைகளை வெட்டினான்.

"எதுக்குலே?"

"வண்டி உள்ள வரணும்லா."

இத்தனை வருடம் வராத எந்த வண்டி? எல்லையோரத்து எங்கள் பாறசாலைப் பக்கம் முற்றத்தை அகலமாக்கினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் மற்றது. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இல்லை.

பிறகு மருமகள் என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொண்டுவந்தாள். "மாமா, ஒரு போட்டோ எடுக்கலாம்." ஆள் போன சூடு ஆறுமுன் முக்கில் படம் போட்டு அஞ்சலி பிளக்ஸ் கட்டுகிற ஊர் இது. நல்ல படம் இல்லாமல் ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கி, செத்தவனையே அடையாளம் தெரியாமல் பண்ணிய வீடுகள் உண்டு. சிரிக்கச் சொன்னாள், நான் சிரிக்கவில்லை. என் மனைவியைப் பக்கத்தில் இருத்தியும், அப்புறம் தனியாகவும் எடுத்தாள். எனக்குச் சந்தேகம் வராமலிருக்கத்தான் அந்தத் தந்திரம் என்று நினைத்தேன்.

சர்ச்சிலிருந்து சபைப் பெண்கள் பாட வந்தார்கள். தேறமாட்டாதவர் வீட்டுக்கு வந்து பாடுவது எங்கள் வழக்கம். எந்தப் பாட்டு வேண்டுமென்று என்னைக் கேட்கவில்லை, என் மனைவியைக் கேட்டார்கள். என்னிடம் கேட்க முகமில்லை போலும். அவளும் கூட்டுக்கள்ளிதான். சாப்பிடும்போது தன் மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். கல்யாணமான நாள்முதல் மீனில் மட்டும் விட்டுக்கொடுக்காதவள் அவள்.

எனக்குப் பயமாக இருந்தது. இந்த வயதிலும் எனக்குச் சாக மனமில்லை. காலையில் முக்குக் கடைவரை நடந்து, டீ குடித்து, இரண்டு மாநிலத்து அரசியலையும் திட்டிவிட்டு வருவதில் இன்னும் ருசி இருந்தது. அதையும் நிறுத்திவிட்டுக் கட்டிலில் சுருண்டேன். கஞ்சியைத் தள்ளிவைத்தேன்.

ஒருநாள் காலையில் அவள் கட்டிலருகே வந்து இருந்தாள்.

"மறைக்காத. டாக்டர் எனக்கு எவ்வளவு நாள் சொன்னாரு?"

"ஒங்களுக்கு ஒரு கேடும் இல்ல" என்றாள். "எனக்காக்கும்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் என் போர்வையை நேராக்கினாள்.

"கஞ்சித்தண்ணி தவிர ஒண்ணும் தொண்டைக்குக் கீழ இறங்கேல்ல. நிங்க இதக் கேட்டா சோறு தின்ன மாட்டிய எண்ணு நான்தான் சொல்லாண்டாம் எண்ணேன். இப்பம் கேக்காமலே பட்டினி கெடக்கிய. பொறவு எனக்கு என்ன நிம்மதி?"

பாட்டு அவளுக்கு. படமும் அவளுக்கு. பிலாக்கிளையிலிருந்து பிளக்ஸ்வரை துப்புத் துலக்கியவனுக்கு, அந்த மீன் துண்டு ஏன் என் தட்டுக்கு வந்தது என்று தோன்றவேயில்லை. எழுந்து முகம் கழுவினேன்.

மத்தியானம் அவள் தன் மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். முள்ளெடுத்து, ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் தின்றேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.