முதல் கோப்பை யாருக்கு

மலாக்கா காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழ் வம்சாவளியினரான செட்டி மக்களின் வீடுகளை ஒட்டி நாங்கள் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் பின்கட்டில் காப்பிக்கொட்டை வறுத்து, ஜாலான் பெண்டஹாராவில் இருந்த கடைகளுக்குப் போடுவார். ஒவ்வொரு தடவை வறுத்ததும் முதல் கோப்பையை அவர்தான் குடிப்பார். தான் குடித்துப் பார்க்காததை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார். அதில் அவருக்குப் பெரிய பெருமை. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அந்தப் பெருமையே எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த வருஷம் மழை விடுவதாக இல்லை. தோட்டத்திலிருந்து வாங்கிப் பாயில் பரப்பிய காப்பிப் பழத்தை அள்ளி உள்ளே போடுவதும், வெயில் எட்டிப் பார்த்ததும் மறுபடி பரப்புவதுமாக எனக்கு இடுப்பே ஒடிந்தது. அப்படியும், காயவைத்துக் கட்டிய ஒரு மூட்டையைப் பிரித்தபோது உள்ளே பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம். மேலாக இருந்ததை வாரிக் கொல்லையில் கொட்டினோம். எங்கள் வாத்துகள் அதைக் கிளறித் தின்றன. மறுநாள் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. அந்த வாரம் முடிவதற்குள் கூடு காலி. வேறு ஏதாவது நோயாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"அந்த மூட்டையத் தூக்கிப் போட்டுருங்க" என்றேன்.

"நெருப்புல எந்தப் பூசணம் நிக்கும்? கழுவி, சீனியும் மார்ஜரினும் போட்டு நல்லா கறுக்க வறுத்தா சரியாயிரும்லா. கடைக்குப் போடறதுக்கு முந்தி நான்தானே குடிக்கப் போறேன்?"

எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து அவர் இதைச் சொன்னார். என் பயமே அதுதான் என்பது அவருக்கு உறைக்கவில்லை. தினமும் சண்டை போட்டேன். நான் வாயைத் திறந்தால் தெருக்கோடிக் கோயில் வரை கேட்கும். அவர் காதில் மட்டும் ஏறாது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு செட்டி அக்கா இருந்தார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், பேச்சு முழுக்க மலாய். மரவள்ளிக்கிழங்கை ஈஸ்ட் தூவிப் புளிக்கவைத்துத் தப்பாய் என்ற இனிப்புச் செய்வதில் கெட்டிக்காரி. ஈஸ்ட் முதலில் இடம் பிடித்துவிட்டால் கெட்ட பூஞ்சணத்துக்கு அங்கே வேலை இல்லை, புதிதாக வந்த பழத்திலாவது தூவிப் பார் என்று சொல்லி, ஈஸ்ட் வில்லைகளைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனை. "ஜங்கான் மாரா." கோபப்படாதே என்று அர்த்தம். தூவுகிற அன்று வீட்டில் சண்டையும் சத்தமும் இருந்தால் தப்பாய் கறுத்துக் கெட்டுப்போகும் என்பது அவர்கள் வழக்கம். என்னைப் பார்த்தா அந்த நிபந்தனை!

காலையில் குளித்துவிட்டு வில்லைகளைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, தொட்டியில் இருந்த பழத்தின் மேல் தெளித்து, வாழையிலை போட்டு மூடினேன். வாயையும் மூடிக்கொண்டேன். பார்த்தால், அன்றைக்கென்று மழை விட்டது. அவர் அடுப்பை மூட்டி, பூஞ்சணம் பிடித்த மூட்டையை வறுக்க ஆரம்பித்தார்.

சீனி கருகும் வாசனை வீடெல்லாம் நிறைந்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கத்தினால் புதுப் பழமும் கெடும், அதையும் வறுத்துக் குடிப்பார். கத்தாவிட்டால் இதைக் குடிப்பார். அவர் கொட்டையை அரைத்து, துணிப்பையில் வடிகட்டி, கோப்பையைக் கையில் எடுத்தார்.

"என்னா புள்ள, சத்தத்தையே காணோம்?"

நான் பேசவில்லை. கண்ணீர் மட்டும் கொட்டியது. அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் காலியாகக் கிடந்த வாத்துக் கூட்டைப் பார்த்தார்.

"கத்தித் தொலையேன். நீ இப்படி நிக்கிறது பயமா இருக்குலா."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கோப்பையைச் சாக்கடையில் கவிழ்த்தார். மூட்டையைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார்.

தொட்டிப் பழம் கள் வாடை அடித்தது. அலசிக் காயப்போட்டோம். பூஞ்சணம் வரவில்லை. ஈஸ்டா, இடையில் கிடைத்த வெயிலா, எனக்குத் தெரியாது. பல வருஷம் கழித்துப் பத்திரிகையில் படித்தேன்: பூஞ்சணம் விட்டுப்போகும் நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாதாம். நல்ல நுண்ணுயிர்களைக் காப்பிப் பழத்தில் வளரவிட்டு அதைத் தடுக்கப் பார்க்கிறார்களாம். படித்தபோது எனக்கு அந்தச் சாக்கடைதான் ஞாபகம் வந்தது.

அந்தப் பழத்தின் கொட்டையை வறுத்த அன்று அவர் வழக்கம்போல முதல் கோப்பையை ஊற்றினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இன்னதென்று தெரியாத ஒன்றைத் தெளித்தவள் நான். குடிக்கப்போவது அவர். அவர் கை நீட்டுவதற்குள் கோப்பையைப் பிடுங்கி மடக்கென்று குடித்துவிட்டேன்.

"ஏய், நீ ஏன் குடிச்ச? அதுல என்னத்தப் போட்டியோ, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?" அவர் குரல் உடைந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப தெரியுதா?" என்றேன்.