பார்த்தேன் என்று சொன்ன பொய்

கன்னியம்மா என் வீட்டுக்காரரின் தங்கை. திருவொற்றியூர் குப்பத்தில் அவளுக்கு நாலாம் மாதம் கரு கலைந்தபோது வீட்டில் கூட இருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் கரையில் மீன் ஏலத்தில் இருந்தார்கள். நானும் அப்போது ஐந்து மாதம். கலைந்ததைப் பார்த்தால் என் வயிற்றில் இருப்பதும் தங்காது என்று பயந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் துணியில் சுருட்டிக் கடலில் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "முழுசா வந்துடுச்சா? நீ பார்த்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேம்மா, முழுசா வந்துச்சு" என்றேன். மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

பத்து நாளாகியும் உதிரம் நிற்கவில்லை. பழந்துணியெல்லாம் தீர்ந்துபோய் என் புடவையையும் கிழித்தேன். பதினோராம் நாள் அவள் உடம்பு காய்ச்சலில் கொதித்தது, கண் செருகியது. ரிக்ஷாவில் மடியில் சாய்த்துக்கொண்டு மறுபடி போனேன்.

"முழுசா வந்ததுன்னுதானே சொன்னே?" என்று டாக்டரம்மா குழம்பினார். அவர் காலைப் பிடித்துக் கதறினேன்.

"நான் பாக்கலம்மா! பயந்துகினு கண்ண மூடிக்கினேன்!"

திட்டக்கூட அவர் நிற்கவில்லை. "உள்ளே துண்டு தங்கியிருக்கு" என்று நர்சைக் கூப்பிட்டு, கருப்பையைச் சுத்தம் செய்ய அவளை உள்ளே கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் உதிரம் நின்றிருந்தது. கன்னியம்மா என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, நீதான பாத்த? ஆணா, பொண்ணா?"

டாக்டரம்மாவிடம் கதறிச் சொன்னதை இவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"பொண்ணு" என்றேன்.

அந்தக் குழந்தைக்கு அவள் ஒரு பெயர் வைத்துவிட்டாள். இந்தப் பொய்யை மட்டும் இன்றுவரை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.