ஒன்றும் இருக்காது என்றவர்

எனக்கு வந்தது கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். எங்கள் வீட்டில் அதற்கு வைத்த பெயர் கிட்னியில் கல். புற்றுநோய் என்பதைக்கூடச் சொல்லியிருப்பார்கள். அது இருந்த இடத்தைத்தான் யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. கல் என்று முடிவுசெய்தவர் பாபநாசத்து நாத்தனார். விளைவு, ஊரில் இருந்த வாழைத்தண்டெல்லாம் என் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு டம்ளர் சாறு பிழிந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். என்ன கர்மமோ!

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

“கட்டி சின்னதும்மா, ஆரம்பக் கட்டம். சுத்தியிருக்கிற சதைக்குப் போயிருக்க வாய்ப்பு குறைவு. போகலைன்னா ஆபரேஷனோட முடிஞ்சிடும். போயிருந்தா அதுக்கப்புறம் கரண்ட் வைக்கணும், அதான் ரேடியேஷன்.”

“போகலைன்னு நிச்சயமா சொல்லுங்களேன்.”

“கட்டியோட அளவு, ஸ்கேன், கையால பார்த்தது எல்லாத்தையும் வச்சு ஒரு கணிப்புதாம்மா. எடுத்து லேப்ல பார்த்தாதான் நிச்சயம்.”

நேர்மையான பெண். எனக்கோ எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் நேர்மை?

என் வீட்டுக்காரருக்கு அந்தக் குழப்பமே இல்லை. ஸ்கேன் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஒண்ணும் இருக்காது” என்றார். கணிப்பதில் தான் கெட்டி என்பது அவருடைய எண்ணம். ஆற்றில் தண்ணீர் எங்கள் கடைமடைக்கு என்றைக்கு வரும், மழை எப்போது பிடிக்கும் என்று வருஷம் தவறாமல் சொல்வார். வருஷம் தவறாமல் தப்பாகும். அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. மேட்டூர் வறண்டு கிடந்த வருஷத்தில்கூட வானத்தை நம்பி விதையைத் தெளித்துவிட்டு வந்து, நிம்மதியாகக் காபி கேட்ட மனிதர்.

ஆவணியில் ஆபரேஷன் நடந்தது. லேப் முடிவு வரும்வரை தஞ்சாவூரில் மகள் வீட்டிலேயே இருந்தோம். எனக்குப் பயம். தையல் வலியைவிட அந்தப் பயம்தான் படுத்தியது. தினமும் காலையில் கேட்பேன்.

“என்னங்க, பரவியிருக்குமா?”

“ஒண்ணும் இருக்காது.”

நடுவில் இரண்டு முறை ஊருக்குப் போய்வந்தார். நாற்று எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “ஜோரா இருக்கு” என்றார்.

புரட்டாசியில் முடிவு வந்தது. “சுத்தியிருந்த சதையில எதுவுமே இல்லம்மா. கரண்ட் தேவையில்லை. செக்கப்புக்கு மட்டும் தவறாம வாங்க” என்றார் டாக்டர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரர், “நான்தான் முதல்லயே சொன்னேனே” என்றார். அந்தப் பெருமையைத் தாங்க முடியவில்லை. திருவாரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், கல் முழுசாக வந்துவிட்டது, இதைத் தான் அப்போதே சொன்னதாக வேறு அளந்துகொண்டு வந்தார்.

ஊர் நெருங்க நெருங்க இரண்டு பக்கமும் நடவு முடிந்து பச்சையாக இருந்தது. எங்கள் நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே எங்கள் வயல்தான். அது மட்டும் உழாமல் கோரை மண்டிக் கிடந்தது.

“என்னங்க இது? நாத்தே விடலையா?”

“தண்ணி வராதுன்னு நெனச்சேன்.”

வாய்க்காலில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“விதை மூட்டையைப் பிரிக்கத்தான் போனேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “அறுத்து யாருக்குன்னு இருந்துச்சு.”

“அட பாவி மனுஷா!” என்று ஆரம்பித்து, தையல் வலிக்க வலிக்க ரோட்டிலேயே நின்று அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.