மாப் தூக்கிய படை

வளைகுடா ஊரான ஃபஹாஹீலில் ஞாயிறு பள்ளி, வார விடுமுறையான வெள்ளிக்கிழமைதான் நடக்கிறது. சர்ச் ஹாலில் சீருடைப் பையன்கள் தங்கள் சிறுவர் படை இயக்கம் பிறந்த கதையை நாடகமாக ஒத்திகை பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தில் ஒரு வாத்தியார், வேதபாடத்தில் அடங்காத வாலுகளின் கையில் மரத்துப்பாக்கியைக் கொடுத்து அணிவகுக்க வைத்தாராம். இங்கே பன்னிரண்டு பேர் தோளிலும் தரை துடைக்கும் மாப்.

“துப்பாக்கி எங்கே?” என்று பயிற்சி தரும் நாகர்கோவில்காரரிடம் கேட்கிறேன்.

“மரத்துல செஞ்சாலும் அது துப்பாக்கிதான் அண்ணாச்சி. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டா நம்ம விசா கலாஸ், முடிஞ்சுது. மாப்புன்னா ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

கையை வீசிப் பேசியதில் அவருடைய டீ தரையில் கொட்டிவிடுகிறது. டிஷ்யூ காகிதத்தோடு அவரே குனிந்து துடைக்கிறார். பன்னிரண்டு மாப்களும் அவரைத் தாண்டி மிடுக்காக அணிவகுத்துப் போகின்றன.