ஒரு தேங்காய் நேரப் பிரசங்கம்

ஒருவரை அடக்கம் செய்யும்போது அவருடைய பெட்டிக்கு முன்னால் நின்று, "மிச்சத்தை அடுத்த கிழமை பார்ப்போம்" என்று பிரசங்கத்தை முடித்த அங்கிலிக்கன் குருவானவர் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று காலை பல்கலைக்கழகத்தில் மெய்யியல் விரிவுரை. பின்னேரம் கொடிகாமத்துக்கு அப்பால் எங்கள் சவக்காலையில் அடக்கம். உடுப்பை மாற்றினேன், வாயை மாற்ற மறந்துவிட்டேன்.

இறந்தவர் இளைப்பாறிய தபாலதிபர். அவருடைய தமையனார் ஊன்றுகோலை மணலில் குத்தி நிமிர்ந்தார்.

"மிச்சம் ஆருக்கு, பாதர்?"

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் என்னை வாசலில் மறித்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"பாதர், கோவிக்கக் கூடாது. சனம் கதைக்குது. உங்கடை பிரசங்கம் வகுப்பு மாதிரிக் கிடக்கு. ஒண்டில் கம்பஸை விடுங்கோ, இல்லாட்டி எங்களை விடுங்கோ. மாசக் கடைசிக் கூட்டத்திலை, வேற ஆளைத் தாங்கோ எண்டு பேராயரிட்டைக் கேக்கிற யோசினை."

இரண்டையும் விடுவதில்லை என்று அந்த வாசலிலேயே தீர்மானித்தேன். மனிதர் ஏன் துன்பப்படுகிறார்கள் என்று பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறேன். அந்த மனிதர்கள் இருப்பது இந்தச் சபையில். ஒன்றை விட்டால் மற்றதில் நான் வெறும் சத்தம்.

வீட்டில் மனைவி திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"இந்தத் தேங்காய் திருவி முடியுறதுக்குள்ளை பிரசங்கத்தைச் சொல்லி முடியுங்கோ. ஏலாட்டி, அது உங்களுக்கே விளங்காத விசயம்."

அன்றிலிருந்து குசினிதான் எனக்குப் பிரசங்க மேடை. முதல் நாள் நான் முன்னுரையைத் தாண்டுவதற்குள் அவர் தேங்காயைத் திருவி, பாலும் பிழிந்துவிட்டார். அடுத்த நாள் பிரசங்கத்திலிருந்து இரண்டு கிரேக்க மெய்யியலாளரை வெளியேற்றினேன். ஜெர்மன்காரர் ஒருவர் போகமாட்டேன் என்று அடம்பிடித்தார், அவருக்கும் விடைகொடுத்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் தேங்காய்ப்பால் சொதி. நான் விடவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. தாளில்லாமல் ஏறினேன். அந்தத் தபாலதிபரைப் பற்றித்தான் சொன்னேன். ஊர் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில், யார் எந்த மரத்தடியில் இருக்கிறார்கள் என்று விசாரித்து விசாரித்துக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். பக்கத்து வீட்டுக்காரரையாவது நாங்கள் அப்படித் தேடிப் போகிறோமா என்று கேட்டுவிட்டு இறங்கினேன். தேங்காயில் ஒரு பாதி மிச்சமிருந்திருக்கும். தமையனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டுமல்ல.

திங்கள் பின்னேரம் செயலாளர் சைக்கிளில் வந்து படலையைத் திறந்தார். கூட்டம் முடிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"யோசியாதேங்கோ பாதர். நீங்கள்தான் தொடர்ந்தும்."

"அப்ப, நேற்றைப் பிரசங்கம் எடுபட்டிருக்குது?"

"ஓம், ஓம், அது நல்லாத்தான் இருந்தது. ஆனா அதாலை இல்லை. கூட்டத்திலை இருந்தே பேராயர்டை கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தம். இஞ்சை வர வேற ஒருத்தரும் சம்மதிக்கேல்லையாம்."