அர்ச்சனைச் சீட்டு கோயில் கணினியில் ஏறிய கதை

நிவேந்திரன் பத்து பெரண்டாம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். வீட்டுக் குழாய் சொட்டினால் மூன்று வாரம் வாளி வைத்தே சமாளிப்பான். கணினி என்றால் சோற்றை மறப்பான். அவன் ஒரு நிரல் எழுதினான் என்றால் அதற்குக் காரணம் மனைவி ராகினியின் வலது மணிக்கட்டு.

டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவள் ராகினி. திருவிழா அன்று மட்டும் நானூறு சீட்டு. கையை மேசையில் ஊன்றாமல் எழுதினால் வீங்கத்தான் செய்யும். போன வருடம் இரண்டு மாதம் மணிக்கட்டில் பட்டை போட்டுக்கொண்டு திரிந்தாள். இன்னொரு தடவை எழுதினால் ஊசிதான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். நிவேந்திரனின் நிரலில் இரண்டு எழுத்தைத் தட்டினால் பக்தர் பெயரும் நட்சத்திரமும் சீட்டாக அச்சாகி வரும். அதைக் கோயில் கணினியில் நிறுவவேண்டியதுதான் பாக்கி. திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

நிரல் இருந்த பென்டிரைவைக் கோயில் செயலாளர் தம்புசாமியிடம் கொடுத்தான். அவர் முப்பது வருடம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அன்று மாலையே போன் வந்தது.

"தம்பி, ஒப்புக்கிறீங்களான்னு கேக்குதுப்பா. பன்னெண்டு பக்கம் இருக்கு."

"ஆமான்னு அழுத்துங்க அங்கிள். அது தானா வர்றதுலா. யாரும் படிக்க மாட்டாங்க."

"நான் ஒருத்தன் எப்படி ஒப்புக்கிறது? நாளைக்கு எவனாவது கேட்டா? கமிட்டி கூடட்டும்."

கமிட்டி கூடியது. பன்னிரண்டு பக்கமும் ஏழு பிரதி எடுக்கப்பட்டது. ஒருவர் முன்மொழிய, ஒருவர் வழிமொழிய, ஒப்பந்தம் நிறைவேறியது. அடுத்த கட்டம் வந்து, நிரலை எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டது.

"ஈசான மூலையில வைக்கச் சொல்லு," என்றார் பொருளாளர் பிச்சைமுத்து.

"அது சாமி எடம். சீட்டெல்லாம் அங்க வைக்கக் கூடாது," என்றார் தலைவர் மணியம்.

கூட்டம் செவ்வாய்க்கு ஒத்திவைக்கப்பட்டது. செவ்வாயன்று, கணினியை இப்போதே மறுபடி தொடங்கவா, பிறகா என்று கேட்டபோது ராகுகாலம். அது முடியட்டும் என்று காத்திருக்கையில் மின்சாரம் போய்விட்டது. எல்லாம் முதலிலிருந்து.

"உங்க புரோகிராம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் ராகினி. "உள்ள ஏத்த வழி தெரியலன்னா சொல்லிடுங்க. இப்பவே போயி ஊசிக்குப் பேர் குடுத்துர்றேன்."

நிவேந்திரன் இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாக் கேள்வியையும் பிடுங்கி எறிந்தான். திருவிழாவுக்கு முதல் நாள் தானே கோயிலுக்குப் போய், கமிட்டி பார்க்க இரண்டு தட்டுத் தட்டினான். பன்னிரண்டு நொடியில் நிரல் திரையில் வந்து உட்கார்ந்தது.

"எங்கள ஒரு வார்த்த கேக்கலியே," என்றார் மணியம்.

"மினிட்ஸ் புக்ல என்னான்னு எழுதறது, தானா வந்து உக்காந்துச்சுன்னா?" என்றார் தம்புசாமி. "எடுத்துரு தம்பி."

எடுத்தான். வெளியே காரில் மடிக்கணினியோடு இருபது நிமிடம் உட்கார்ந்தான். திரும்பி வந்தபோது நிறுவலில் ஒரே ஒரு கட்டம் இருந்தது. முன்மொழிபவர் பெயர், வழிமொழிபவர் பெயர், அவ்வளவுதான். எழுதும் பெயரை நிரல் அப்படியே குப்பையில் போட்டுவிடும் என்பதை அவன் சொல்லவில்லை.

கமிட்டிக்கு முகம் மலர்ந்தது. "இதுலா புரோகிராம்," என்றார் பிச்சைமுத்து. ஆனால் முன்மொழிய ஏழு பேரும் தயார். வழிமொழிய ஆள் இல்லை. கால் மணி நேரம் சண்டை.

சீட்டு மேசையில் உட்கார்ந்திருந்த ராகினி எழுந்து வந்தாள். இடது கையால் முதல் இடத்தில் மாரியம்மன் என்று தட்டினாள். இரண்டாவதில், வாசலில் காவல் நிற்கிற சாமி முனியாண்டியின் பெயரைப் போட்டாள்.

"எதிர்ப்பு யாருக்காச்சும் இருக்கா?"

ஒரு கையும் உயரவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். முதல் சீட்டு அச்சாகி வெளியே வந்தது.

தம்புசாமி குறிப்பேட்டைத் திறந்து, ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதினார். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுவைத்தார்.